பை நனைஞ்சா நனையட்டும், படுக்கை நனையக் கூடாது

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழைக்காலம் ஒண்ணு இல்ல, ரெண்டு. ஜூன்ல இடவப்பாதிங்கிற தென்மேற்குப் பருவமழை, அது ஓஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள அக்டோபர்ல துலா மழைங்கிற வடகிழக்குப் பருவமழை, இதுக்கு முன்னாடி ஏப்ரல் மே சாயங்காலத்துல இடியோட வந்து அரை மணிக்கூர்ல ஓடைய நிறைச்சிட்டுப் போற கோடை மழை வேற. கிழக்க தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் காத்து மட்டும் அடிச்சு மண்ணை வாரிப் போடும், அதே நேரத்துல மேக்க பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் குடை இல்லாம வீட்டு முற்றத்துல கூட எறங்க முடியாது. இந்த ஊர்ல இருந்துட்டு மலைக்குப் போறவன் கடையில போய் "இந்த பேக் வாட்டர்ப்ரூஃபா?"ன்னு கேட்டா எனக்கு சிரிப்புதான் வரும். கடைக்காரர் ஆமான்னுதான் சொல்லுவார், வேற என்ன சொல்லுவார் பாவம்.

நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். பை நனையும். அதை ஏத்துக்கிடுங்க. ஷூ நனையும், சட்டை நனையும், சாப்பாட்டு மூட்டை ஈரமாகும், எல்லாம் சரி. ராத்திரி உள்ள நுழைஞ்சு படுக்கிற ஸ்லீப்பிங் பேக்கோ போர்த்துற போர்வையோ அந்த ஒரு சாதனம், கூட அப்ப மாத்திக்கிற ஒரு செட் துணி, இது ரெண்டு மட்டும் என்ன ஆனாலும் காஞ்சே இருக்கணும். முழுப் பையையும் காப்பாத்தணும்னு நினைச்சு கிளம்புறவன் கடைசியில ஒண்ணையும் காப்பாத்த மாட்டான், இது ரெண்டு போதும்னு நினைக்கிறவன் நிம்மதியா தூங்குவான்.

ஈரத்தோட நடந்தா ஒண்ணும் ஆகாதான்னு கேட்டா, பெருசா ஒண்ணும் ஆகாது, அதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடுறவங்களப் பாத்திருப்பீங்க, முஞ்சிறை திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் 12 கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல, காவி உடுத்தி கையில பனையோலை விசிறியோட "கோவிந்தா கோபாலா"ன்னு போவாங்க. ஒவ்வொரு கோயில்லயும் குளிச்சிட்டு ஈரத் துணியோடவே அடுத்த கோயிலுக்கு ஓட்டம். ராத்திரியும் ஓடுவாங்க. நடக்கிற வரைக்கும், ஓடுற வரைக்கும் உடம்பு சூட்டை உண்டாக்கிட்டே இருக்கும், ஈரம் ஒரு பொருட்டு இல்ல. அதே ஆள் அதே ஈரத்தோட ஒரு மண்டபத்துல ரெண்டு மணிக்கூர் படுத்துப் பாக்கட்டும், பல்லு கிட்டிப் போகும். படுத்திருக்கும்போது உடம்பு உண்டாக்குற சூடு மேட்டுல ஏறும்போது உண்டாக்குறதுல பாதி கூட இல்ல, ஆனா தண்ணி, காத்தைவிட 20 மடங்குக்கு மேல வேகமா சூட்டை உறிஞ்சி வெளிய கடத்தும். இதோட 1000 மீட்டர் ஏறினா சுமார் 6 டிகிரி குறையும்ங்கிற கணக்கையும் சேருங்க. நாகர்கோவில்ல ஃபேன் போடாம தூங்க முடியாத மாசத்துல கூட மேல மாறாமலை, முத்துக்குழிவயல் உசரத்துல கம்பளி இல்லாம முடியாது, அதுவும் சாரலோட காத்து அடிச்சா சொல்லவே வேண்டாம்.

சரி, ரெயின் கவர். பையோட அடியில ஒரு சின்ன பாக்கெட்டுல சுருட்டி வச்சிருப்பான், மழை வந்தா எடுத்து மேல மாட்டணும். இதை முழுசா நம்புறவங்க ரப்பர் தோட்டத்துல ஒரு தடவை மழையில நின்னு பாக்கணும். ரப்பர் மரத்துல பால் வெட்டுற இடத்துக்கு மேல, பாவாடை கட்டின மாதிரி பிளாஸ்டிக்க மரத்தைச் சுத்தி ஒட்டியிருப்பாங்க, ரெயின் கார்டுன்னு சொல்லுவாங்க, மழைக்காலத்துக்கு முன்னாடியே கருப்புப் பசை தடவி பின் அடிச்சு சுருக்கு வச்சு ஒட்டிடுவாங்க. அது எதுக்கு? வானத்துல இருந்து நேரா பால் பிடிக்கிற சிரட்டையில விழுற தண்ணி கொஞ்சம்தான், மரத்தோட உடம்பு வழியா ஒழுகி வர்ற தண்ணிதான் வெட்டுப் பட்டைய நனைச்சு பாலை அடிச்சிட்டுப் போறது. அதனாலதான் அந்த பசைய ஒரு இடம் விடாம தடவணும், ஒரு விரல் அகலம் விட்டுப் போனாலும் அன்னைக்குப் பால் போச்சு. உங்க முதுகும் அந்த மரம்தான். தலையில விழுற மழை பிடரி வழியா இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவுல ஓடி, தோள்பட்டை தையல் வழியா உள்ள போகும். ரெயின் கவர் மூடுறது மூணு பக்கம், முதுகுப் பக்கம் திறந்துதான் கிடக்கும். கூடவே வியர்வை. நம்ம ஊர் ஈரப்பதத்துல மேடு ஏறினா மழையே இல்லாம முதுகுப் பேட் பிழியுற அளவுக்கு நனையும்.

அதோட முடியல. உள்ள போன தண்ணி எங்க போய் சேரும்? அடியில. கவரோட அடிப் பாகம் ஒரு தொட்டி மாதிரி தண்ணிய பிடிச்சு வச்சிக்கும், சில கவர்ல இதுக்குன்னே ஒரு ஓட்டை வச்சிருப்பான், பலதுல கிடையாது. இப்ப யோசிங்க, பெரிய பேக்ல ஸ்லீப்பிங் பேக் வைக்கன்னு தனி அறை எங்க கொடுத்திருக்கான்? அதே அடியில, தனி ஜிப் வேற போட்டு. இருக்கிறதுலயே ஈரமான இடத்துல, இருக்கிறதுலயே காய வேண்டிய சாமானை வைக்கச் சொல்றான். அந்த ஜிப் வழியா எடுக்க வசதிதான், நான் இல்லேன்னு சொல்லல, ஆனா நம்ம மழைக்கு அந்த வசதி வேண்டாம். பைய கீழ வைக்கிறது சேறுல, ஓடைக் கரையில, எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து திண்ணையில தண்ணி தேங்கின மூலையில. அடியில இருந்து ஈரம் ஏறத்தான் செய்யும்.

அதனால கவர் வெளிய இல்ல, உள்ள வேணும். பைக்குள்ள ஒரு பெரிய பாலித்தீன் பை, அதுக்குள்ள படுக்கை. லைனர்னு சொல்லுவாங்க. இதுக்கு வெளிநாட்டு சாமான் எதுவும் தேடி அலைய வேண்டாம். கோட்டார் கடைத்தெரு மாதிரி மொத்தக் கடை இருக்கிற எந்தத் தெருவுலயும் பாலித்தீன் ட்யூப் ரோல் எடை போட்டு விப்பாங்க, தடிமனுக்கு கேஜ் கணக்கு. 100 கேஜ்னா 25 மைக்ரான், 200 கேஜ்னா 50. 200-க்கு கீழ வாங்காதீங்க, டென்ட் கம்பி ஒண்ணு லேசா குத்தினா போச்சு. 400 வாங்கினா கிழியாது, ஆனா முறுக்கிக் கட்டும்போது விறைச்சிட்டு நிக்கும், வெயிட்டும் கூட. நான் வச்சிருக்கிறது ரெண்டுக்கும் நடுவுல. ட்யூபை தட்டையா வச்சு அளந்தா அகலம் பையோட சுத்தளவுல பாதியைவிட கொஞ்சம் பெருசா இருக்கணும், நீளம் பையோட உசரத்தைவிட ஒரு முழம் கூடுதல். ட்யூபுக்கு ரெண்டு பக்கமும் வாய் இருக்கும், ஒரு பக்கத்தை அடைக்கணும். பலகாரம் பாக்கெட் போடுற கடையில சீலிங் மெஷின் இருக்கும், பத்து ரூபா கொடுத்தா அடிச்சுத் தருவாங்க. இல்லன்னா பழைய வழி, ரெண்டு ஹாக்ஸா பிளேடுக்கு நடுவுல பாலித்தீன் விளிம்பை வச்சு, மெழுகுவர்த்தி தீயில அந்த விளிம்பை மட்டும் காட்டி இழுக்கிறது. மெதுவா இழுத்தா உருகி ஓட்டை, வேகமா இழுத்தா ஒட்டாது. ரெண்டு மூணு துண்டுல பழகிட்டு அப்புறம் செய்ங்க. அடைச்சு முடிச்சதும் உள்ள காத்து ஊதிப் பிடிச்சு பக்கெட் தண்ணியில அமுக்கிப் பாத்தா குமிழி எங்க வருதுன்னு தெரிஞ்சிடும்.

உரச்சாக்கு உள்பையும் நல்லதுதான், எங்க பாட்டா காலத்துல இருந்து மழைக்கு அதைத்தான் தலையில கவுத்திட்டு தோட்டத்துக்குப் போவாங்க, ஆனா யூரியா வாடை போக பல தடவை கழுவணும், எனக்குப் பொறுமை இல்ல. பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியில இருந்து தடை இருக்கேன்னு சில பேர் கேட்பாங்க. தடை ஒரு தடவை உபயோகிச்சு எறியுற சாமானுக்கு. இது எறியுறது இல்ல, கிழிஞ்சா செல்லோடேப் ஒட்டி பல வருஷம் ஓட்டுறது. ஆனா வனத்துறை செக்போஸ்ட்ல பைய திறந்து பாத்து கேட்டா, சண்டை போடாம எதுக்குன்னு காட்டுங்க, வரும்போது திரும்பக் காட்டுங்க. அவங்க வேலை அது.

கட்டுற விதம்தான் பாதி விஷயம். லைனரை பைக்குள்ள விரிச்சு, ஸ்லீப்பிங் பேக்கை அதுக்குள்ள தள்ளி, ராத்திரி துணிய மேல வச்சு, முழங்காலால அமுக்கி காத்தை வெளிய விடணும். வாயை ஒண்ணு சேத்து கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கி, முறுக்கினதை மடக்கி, மடக்கின இடத்துல ரப்பர் பேண்டு. முடிச்சு போடாதீங்க, ஈரக் கையோட இருட்டுல அவிழ்க்க முடியாம பல்லால கடிச்சு கிழிச்ச ஆளை எனக்குத் தெரியும். குளச்சல், முட்டம் பக்கம் வள்ளத்துல போற அண்ணன்மாரு ஃபோனையும் தீப்பெட்டியையும் கவர்ல போட்டு இதே போல முறுக்கி மடக்கி கட்டி வச்சிருப்பாங்க, உப்புத் தண்ணி மேல அடிச்சிட்டே இருக்கும், உள்ள தீப்பெட்டி உரசினா பத்தும். கடல்ல நிக்கிற கட்டு மலையில நிக்காமப் போகுமா.

ட்ரை பேக்னு விக்கிற சுருட்டுவாய் பை நல்லதுதான், நான் குறை சொல்லல. வாயை குறைஞ்சது மூணு சுருட்டு சுருட்டி கிளிப் போடணும், நிறைய பேர் பை நிறைய அடைச்சிட்டு ஒரு சுருட்டோட கிளிப்ப மாட்டிட்டு தண்ணி உள்ள வந்திடுச்சுன்னு சொல்லுவாங்க. ஸ்லீப்பிங் பேக் கூடவே வர்ற கம்ப்ரஷன் உறை வேற, ட்ரை பேக் வேற. உறை பாக்க வழுவழுன்னு ரெயின்கோட்டுத் துணி மாதிரி இருக்கும், ஆனா தையல் வழியா தண்ணி போகும். அதை லைனருக்குள்ள வைக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. ஓடையில இறங்கி கடக்க வேண்டிய வழின்னா நான் ட்ரை பேக்கும் லைனரும் ரெண்டும் போடுவேன். காளிகேசம் பக்கத்து ஓடை எல்லாம் மேல மழை பெய்ஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே பெருகி வரும், அப்ப இடுப்பு பெல்ட்டை அவுத்துட்டுதான் இறங்கணும், ஆள் விழுந்தா பைய உதறிட்டு எழும்ப முடியணும். தண்ணி பெருகிட்டுன்னா இறங்காம இருக்கிறதுதான் சரி, படுக்கையா முக்கியம்.

இதுல ஒரு சின்ன இடைச்செருகல். சரணாலயத்துக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது, கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-ல அறிவிச்சது, மலைக்காட்டுல பெரும்பகுதி அதுக்குள்ளதான். 2024-ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடுங்கிற மலையேற்றத் திட்டத்துல நம்ம மாவட்டத்துக்கு காளிகேசம் பாலமோர் வழி உண்டு, அது பகல் நடை. ராத்திரி தங்குறதுன்னா எஸ்டேட்ல தெரிஞ்ச ஆள் வீடு, இல்ல பெர்மிட் எடுத்து பக்கத்து மாநிலம். பொதிகை அகத்தியர்கூடம், 1868 மீட்டர், போணக்காடு வழியா கேரள வனத்துறை பெர்மிட்ல ஜனவரியில இருந்து விடுவாங்க, ராத்திரி அதிருமலை கேம்ப். காஞ்ச மாசம்தானேன்னு போவாங்க, மஞ்சு, அதாவது மூடுபனி இறங்கினா மழை இல்லாமலேயே எல்லாம் நனையும்.

இப்ப லைனருக்குள்ள எந்த ஸ்லீப்பிங் பேக்கை வைக்கிறோம்ங்கிறது. டவுன்னா வாத்தோட மெல்லிய தூவி, எடை இல்ல, சுருட்டினா தேங்காய் அளவுக்கு வரும், காஞ்சிருக்கிற வரைக்கும் அதுக்கு இணை கிடையாது. நனைஞ்சா உப்பல் போய் கட்டி கட்டியா ஒதுங்கிடும், சூடு தாங்குறதே அந்த உப்பல்ல அடைபட்ட காத்துதான், உப்பல் போனா வெறும் ரெண்டு அடுக்கு துணி. நம்ம ஈரப்பதத்துல அது காய நாள் கணக்காகும். சிந்தெடிக்னா செயற்கை இழை, கனம், ஆனா நனைஞ்சு பிழிஞ்சாலும் கொஞ்சமாவது சூடு வைக்கும், சீக்கிரம் காயும். நம்ம உசரத்துக்கு, நம்ம மழைக்கு, சிந்தெடிக் போதும்னுதான் நான் சொல்லுவேன், டவுன் வாங்கின ஃப்ரெண்டுக்கு கோபம் வந்தாலும் பரவாயில்ல. ஃப்ளீஸ் போர்வை கூட மோசம் இல்ல. பருத்திப் போர்வை, கைலி இதெல்லாம் வீட்டுக்கு. பருத்தி தண்ணிய குடிச்சிட்டு விடவே விடாது.

ராத்திரி சேந்ததும் எல்லாரும் அவசரப்படுற இடம் ஒண்ணு உண்டு. குளிருது, கை நடுங்குது, உடனே பைய திறந்து போர்வைய இழுக்கணும்னு தோணும். வேண்டாம். முதல்ல தார்ப்பாய் கட்டு, இல்ல கூரைக்கு அடியில காஞ்ச மூலை பிடி. அப்புறம் ஈரத் துணிய முழுசா கழட்டு, துவர்த்தால, அதான் துண்டால, தலையில இருந்து கால் வரைக்கும் துடை, கால் விரல் இடுக்கு உட்பட, அப்பதான் ஒட்டிட்டு வந்த அட்டையும் கண்ணுல படும். கைய துடைச்சிட்டு லைனர் கட்டை அவிழ், ராத்திரி துணிய எடுத்துப் போடு. போட்டதுக்கு அப்புறம்தான் ஸ்லீப்பிங் பேக் வெளிய வரணும். தலைமுடி ஈரத்தோட உள்ள நுழைஞ்சா தலைமாடு முழுக்க நனையும், முடி நீளமா இருக்கிறவங்க இன்னொரு காஞ்ச துணிய தலையில சுத்திக்கிடுங்க.

காலையில இருக்கு பாருங்க, அதுதான் உண்மையான சோதனை. ராத்திரி துணிய கழட்டி திரும்ப லைனருக்குள்ள வச்சிட்டு, நேத்து கழட்டிப் போட்ட அந்த சில்லுன்னு இருக்கிற ஈரத் துணியையே திரும்ப மாட்டணும். ஈர ஜட்டி, ஈர சாக்ஸ். மாட்டும்போது வாயில இருந்து வர்ற வார்த்தை எதையும் இங்க எழுத முடியாது. என் மாமா மகன் "காஞ்ச துணிதான் இருக்குல்ல மக்கா, சவம் அதைப் போட்டுட்டே நடந்தா என்ன"ன்னு கேட்டுட்டு அப்படியே போட்டு நடந்தான். ஒரு மணிக்கூர்ல சாரல் பிடிச்சுது, இருந்த ரெண்டு செட்டும் ஈரம், அன்னைக்கு ராத்திரி அவன் என் ஃப்ளீஸை கேட்டு வாங்கினான். ஈரத் துணி மாட்டி ஒரு மேடு ஏறினா உடம்பு சூட்டுல அது மறந்தே போகும். அந்த முதல் பத்து நிமிஷம் மட்டும்தான் கொடுமை.

வெளித் தண்ணிய தடுத்தாச்சு, உள்தண்ணி இருக்கு. நனைஞ்ச தார்ப்பாயையோ டென்ட்டையோ லைனருக்குள்ள வைக்கவே கூடாது, வச்சா நீங்களே உள்ள மழை பெய்ய வச்ச கணக்கு. அது பைக்கு வெளிய கட்டணும், இல்ல லைனருக்கு மேல தனி கவர்ல. ஸ்லீப்பிங் பேக்குள்ள மூக்கை விட்டு மூச்சு விடாதீங்க, மூச்சு அத்தனையும் நீராவி, விடியும்போது கழுத்துப் பக்கம் ஈரமா இருக்கும். டென்ட்டோட கால்மாட்டு சுவத்துல துணி முட்டிட்டு இருந்தா அங்க வழிஞ்ச நீரையெல்லாம் உறிஞ்சிடும், மழைக்கோட்டை கால் பக்கம் போர்த்தினா தப்பிக்கும். எழும்பின உடனே சுருட்டாம, ஸ்லீப்பிங் பேக்கை தலைகீழா பிடிச்சு உள்ள இருக்கிற சூடான ஈரக் காத்தை அமுக்கி வெளிய தள்ளிட்டு அப்புறம் அடைங்க. நடுவுல எங்கயாவது கால் மணிக்கூர் வெயில் கிடைச்சா வெக்கப்படாம பாறை மேல விரிச்சிடுங்க, எல்லாரும் டீ போடுற நேரம்தான்.

படுக்கைக்கு அடியில போடுறதுக்கு ஃபோம் மேட். காத்து ஊதுறது சொகுசு, ஆனா குத்தினா போச்சு. ஃபோம் மேட்டுல உள்ள அறை எல்லாம் மூடியிருக்கும், தண்ணி உள்ள போகாது, அதனால பைக்கு வெளிய கட்டி நனைய விட்டாலும் ராத்திரி துவர்த்தால துடைச்சா முடிஞ்சுது. கோரைப்பாய் அப்படி இல்ல, நனைஞ்சா அன்னைக்கு பாய் இல்ல.

கடைசியா வீடு. சொன்னா நம்ப மாட்டீங்க, நம்ம ஊர்ல படுக்கைச் சாமான் மலையில கெட்டுப் போறதைவிட அலமாரியில கெட்டுப் போறது அதிகம். திரும்பி வந்த அலுப்புல சுருட்டின படியே பரண்ல போட்டா இடவப்பாதி முடியும்போது பூசணம். டென்ட், ட்ரை பேக் உள்பக்கத்துல பாலியூரித்தேன் பூச்சு இருக்கும், ஈரமும் சூடும் சேந்து அதை மெல்ல மெல்ல அரிச்சிடும், தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும், புளிச்ச வாடை அடிக்கும், அப்புறம் செதில் செதிலா உதிரும். அந்த நிலை வந்தா ஒட்ட வைக்க முடியாது, மாத்தத்தான் வேணும். சிலிக்கான் பூச்சு உள்ளதுக்கு இந்தக் கேடு அவ்வளவா கிடையாது, வாங்கும்போதே கேட்டுக்கிடுங்க. ஸ்லீப்பிங் பேக்கை சுருட்டி வைக்காம பெரிய பருத்திப் பையில தளர்வா வைங்க. மழை விடாத வாரத்துல காய வைக்க இடம் இல்லன்னு அதே மாமா மகன் ரப்பர் ஷீட்டு தொங்கப் போடுற புகைப்புரையில ஸ்லீப்பிங் பேக்கை மாட்டினான், காயத்தான் செஞ்சுது, ஆனா இன்னைக்கு வரைக்கும் அதுக்குள்ள படுத்தா ஷீட்டு வியாபாரி மடியில படுத்த வாசனை. எனக்கு ஆரல்வாய்மொழியில அத்தை வீடு இருக்கிறது வசதி. காத்தாலை சுத்துற மாசத்துல மொட்டை மாடியில கொடிக்கு நாலு கிளிப் போட்டு மாட்டினா மத்தியானத்துக்குள்ள முறுமுறுன்னு ஆயிடும், கிளிப்பை மட்டும் எண்ணிப் போடுங்க, அங்க அடிக்கிற காத்துக்கு ரெண்டு கிளிப் பத்தாது, ஸ்லீப்பிங் பேக் பக்கத்து தெருவுல போய்த்தான் கிடக்கும்.